மருந்தும் அளவும்: வேட்டைத் துப்பாக்கிகளில் தோட்டா சோதித்த வரலாறு

முன்னுரை

எங்கள் குடும்பத்துப் பழைய மரப்பெட்டியில் ஒரு சிறு மூங்கிற்குழாய் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், ஒருபுறம் கணு, மறுபுறம் திறப்பு. உட்புறம் கரி ஏறிக் கறுத்திருக்கும். சிறுமியாயிருந்தபோது அதனைச் சொப்புச் சாமான் என்று எண்ணி எடுத்து விளையாடினேன். பாட்டி வெடுக்கென்று பறித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பாட்டா தம் துப்பாக்கிக்கு மருந்து அளந்த குழாய் அது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய் அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அளவுகோல் மட்டும் தங்கிவிட்டது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது இக்குழாயே என் நினைவுக்கு வந்தது. வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிக் கவிஞர்களுக்கு என்ன சொல்வது என்று தயங்கினேன். ஆயினும் நம் மாவட்டத்து வரலாற்றில் துப்பாக்கிக்கு ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றைப் போர்களின் வரலாறாகவும் மன்னர்களின் வரலாறாகவுமே நாம் எழுதிவந்திருக்கிறோம். சுடுவதற்கு முன்பு மருந்தை அளந்தவர்களையும் தோட்டாவைச் சோதித்தவர்களையும் பற்றி எழுதியதில்லை. வாய்வழி மருந்து நிரப்பிய நாட்டுத் துப்பாக்கி முதல் நெம்புகோல் இயக்கும் வேட்டைத் துப்பாக்கி வரை, இச்சோதனை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அது தவறியபோது யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் வழி

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்தினின்று வந்தது. மலையாளத்தில் வழங்கும் தோக்கும் அதன் உறவுச் சொல்லே. பீரங்கி, ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்னும் சொல்லோடு தொடர்புடையது. தோட்டா இந்துஸ்தானி வழியாக வந்தது. கருவிகளின் பெயர்கள் இவ்வாறு கடல் கடந்தும் வடக்கிருந்தும் வந்திருக்க, கருவிக்குள் இடப்படும் பொருள்களுக்கும் அவற்றை இடும் செயலுக்கும் நம் மக்கள் தம் சொற்களையே வைத்துக்கொண்டனர். குண்டு, மருந்து, வெடியுப்பு, கரி, கெட்டித்தல் ஆகியவை எல்லாம் வீட்டில் வழங்கிய சொற்கள்.

இவற்றுள் மருந்து என்னும் சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது. நோய்க்குக் கொடுப்பதும் மருந்து. துப்பாக்கியில் இடுவதும் மருந்து. இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் தாரு என்னும் சொல் இந்தியில் வெடிமருந்துக்கும் வழங்கியது. இரண்டு மருந்துக்கும் பொதுவானது அளவு. குறைந்தால் பயன் இல்லை. மிகுந்தால் கொண்டவனையே கொல்லும்.

ஆயுதத்தின் ஆற்றலைச் சோதித்தறியும் ஆர்வம் துப்பாக்கிக்கு முந்தியது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓர் அம்பு பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதைப் பாடுகிறார். யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாகச் சென்ற அம்பு புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்குகிறது. இதனைப் புலவரின் உயர்வு நவிற்சி என்று வகுப்பறையில் கூறிக் கடந்துவிடுகிறோம். ஆயின் எய்த பொருள் எதனை, எவ்வளவு ஆழம் துளைக்கும் என்னும் கேள்வி அப்பாட்டில் இருக்கிறது. தோட்டா சோதிப்பவர்கள் இன்றும் கேட்பது அக்கேள்வியைத்தான். ஓரியைப் பாடிய புலவர் அம்பு எங்கே நின்றது என்பது வரை கண்டு சொன்னார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

குளச்சலும் கடலூரும்

1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றது. அங்குப் பிடிபட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்றார். அவர் பொறுப்பில் புலியூர்க்குறிச்சி அருகே உதயகிரிக் கோட்டை வலுப்படுத்தப்பட்டது. அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் அமைந்தது. 1777இல் இறந்த அவரது கல்லறை அக்கோட்டைக்குள் இருக்கிறது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவியரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அத்தமிழ் எழுத்துகளின் முன் அவர்கள் சற்று நேரம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

குளச்சல் போருக்கு மறு ஆண்டு, 1742இல், இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் கணித அறிஞர் பீரங்கிக் கலையின் புதிய நெறிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுட்ட குண்டு என்ன வேகத்தில் பாய்கிறது என்பதை அதுவரை எவரும் சரிவர அளந்திலர். ராபின்ஸ் கனமான ஒரு மரப்பலகையை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு அதன்மீது குண்டைச் சுட்டார். குண்டு பலகைக்குள் புதைய, பலகை பின்னோக்கி ஆடியது. அது எவ்வளவு ஆடியது என்பதைக் கீழே கட்டிய நாடா இழுபட்ட நீளம் காட்டியது. பலகையின் எடையும் குண்டின் எடையும் தெரியுமாதலின், ஆடிய அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். நொடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகம் கிடைத்தது. காற்று குண்டைத் தடுக்கும் வலிமை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிகப் பெரிது என்பதும் வெளிப்பட்டது. கணிதமேதை ஆய்லர் 1745இல் இந்நூலை விரிவான விளக்கங்களுடன் செருமன் மொழியில் பெயர்த்தார்.

இந்த ராபின்ஸ் இறந்தது தமிழ் மண்ணில் என்பதை நம்மில் பலர் அறியோம். கிழக்கிந்தியக் கும்பினியார் தம் கோட்டைகளைச் செப்பனிட அவரைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தினர். 1750இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்தவர், 1751 சூலையில் அங்கேயே காய்ச்சலால் மாண்டார். குண்டின் வேகத்தை ஊஞ்சலில் ஆட்டி அளந்தவர் நம் கிழக்குக் கரையில் முடிந்தார். பீரங்கி வார்க்கக் கற்பித்தவர் நம் மேற்குக் கரையில் முடிந்தார். தோட்டா சோதிக்கும் அறிவியல் முழுமைக்கும் ராபின்ஸின் ஊஞ்சலே தொட்டில் எனலாம்.

நாட்டுத் துப்பாக்கியும் மழையும்

நம் மலையோரத்து உழவர்களும் வேட்டைக்காரர்களும் வைத்திருந்தது வாய்நிரப்புத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே முதலில் மருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன்மேல் தென்னஞ்சகிரியோ கந்தலோ வைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டோ ரவையோ இட்டு, மீண்டும் அடைப்பு வைத்துக் கெட்டிக்க வேண்டும். பின்புறக் காம்பில் கேப்பு பொருத்தினால் துப்பாக்கி ஆயத்தமாகும். இன்று மேலை நாடுகளில் தோட்டாவைக் கையால் நிரப்புவதைத் தனிக் கலையாகப் பேசுகிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்காரன் சுட்ட ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பிய வெடிதான். அவனுக்குத் தொழிற்சாலை இல்லை. தராசும் பெரும்பாலும் இல்லை. மூங்கிற்குழாயே அளவு.

அவனிடம் சோதனை இருந்தது. மருந்தில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்துக் கொளுத்துவான். நல்ல மருந்து ஒரே நொடியில் பளிச்சென்று எரிந்து மேலெழும். தாளைப் பொசுக்காது, கறையும் அதிகம் வைக்காது. ஈரம் ஏறிய மருந்தோ, சரியாக அரைபடாத மருந்தோ சீறிச் சீறி மெல்ல எரிந்து தாளில் கருந்திட்டுகளை விட்டுச் செல்லும். ஐரோப்பியப் படைகளும் இதே சோதனையைச் செய்துவந்தன. மேலும் அங்கே சிறு கிண்ணப் பீரங்கியில் குறித்த அளவு மருந்திட்டு, குறித்த எடையுள்ள குண்டை எவ்வளவு தொலைவு எறிகிறது என்று பார்த்து மருந்தைத் தரம் பிரிக்கும் முறையும் இருந்தது.

இச்சோதனை நம் மாவட்டத்தில் எங்கும்விட இன்றியமையாதது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை; ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் பெறும் மண் இது. கருமருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நேற்று வெடித்த மருந்து இன்று வெடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெடித்தாலும் அதே விசையோடு வெடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. காட்டுப்பன்றி மரச்சீனிக் கிழங்கைத் தோண்ட வருவதும் அந்த மழைக்காலத்தில்தான்.

நெம்புகோல் துப்பாக்கியும் கார்பைனும்

அமெரிக்காவில் 1860இல் ஹென்றி என்பவர் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மருந்து, குண்டு, பற்றுமருந்து மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கிய தோட்டாக்கள் குழலின் கீழிருந்த நீண்ட அறையில் வரிசையாக நின்றன. விரற்காப்பாகவும் அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெற்றுக்கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதன் வழியில் வின்செஸ்டர் நிறுவனம் 1866, 1873, 1892, 1894, 1895ஆம் ஆண்டு மாதிரிகளை வெளியிட்டது. இவற்றுள் இறுதி மூன்றும் ஜான் பிரௌனிங் வடிவமைத்தவை. குதிரைவீரருக்காகக் குழலைக் குறுக்கிய வடிவம் கார்பைன் எனப்பட்டது. புதரில் சிக்காமையாலும் தோளில் சுமக்க எளிதாயிருந்தமையாலும் வேட்டைக்காரர் அதனை விரும்பினர்.

அக்காலத் தோட்டாக்களின் பெயரிலேயே மருந்தின் அளவு இருந்தது. 44-40 என்றால் குழல்விட்டம் அங்குலத்தில் நூற்றில் 44 பங்கு, கருமருந்து 40 கிரெயின். 30-30 என்றால் விட்டம் நூற்றில் 30 பங்கு, புகையில்லா மருந்து 30 கிரெயின். கிரெயின் என்பது ஒரு தானியமணியின் எடையிலிருந்து பிறந்த அளவு. ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். நம் தட்டார் குன்றிமணியையும் மஞ்சாடியையும் கொண்டு பொன் நிறுத்ததற்கு இது ஒப்பாகும். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். ஆகவே 30-30 தோட்டாவுக்குள் இருந்த மருந்து பதினாறு குன்றிமணியளவே. தாலிக்குப் பொன் நிறுக்கும் நுட்பத்தோடு நிறுக்கவேண்டிய பொருள் அது.

வெற்றுக்கூட்டை எறிந்துவிடாமல் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க வேட்டைக்காரரிடையே பரவியது. வின்செஸ்டர் நிறுவனமே அதற்கான கருவிகளை விற்றது. கூட்டில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, அதன் வடிவைச் சரிசெய்து, புதிய பற்றுமருந்து பொருத்தி, மருந்தை நிறுத்திட்டு, குண்டை உரிய ஆழத்தில் அமர்த்த வேண்டும். இதில் நெம்புகோல் துப்பாக்கிக்கென்றே சில கட்டுப்பாடுகள் எழுந்தன.

முதலாவது, குழலறையில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னதன் குண்டுமுனை முன்னதன் பற்றுமருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராயிருந்தால் அதிர்ச்சியில் அறைக்குள்ளேயே வெடிக்கக் கூடும். ஆதலால் தட்டைமுனைக் குண்டே பொருந்தும். இரண்டாவது, சுடும்போது ஏற்படும் உதையும் சுருள்வில்லின் அழுத்தமும் குண்டைக் கூட்டுக்குள் தள்ளிவிடாதபடி கூட்டின் வாயை இறுக்கிப் பிடிக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது, தோட்டாவின் முழு நீளம் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் நெம்புகோல் அதனைச் சரியாக ஏற்றாது. நான்காவது, கார்பைனின் குழல் குட்டையாதலால் குண்டு குறைந்த வேகத்தோடே வெளியேறும். நீண்ட துப்பாக்கியில் சோதித்த கணக்கைக் கார்பைனுக்குக் கூறமுடியாது. எந்தத் துப்பாக்கியில் சுடப்போகிறோமோ அந்தத் துப்பாக்கியிலேயே சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறையும் ஒழுங்குபட்டது. குறைந்த மருந்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே ஏற்றுவர். பற்றுமருந்து மூடி தட்டையாக நசுங்கியிருந்தாலோ, வெற்றுக்கூட்டை வெளியேற்ற நெம்புகோல் முரண்டினாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்று அறிந்து பின்வாங்குவர். பிறகு தாங்கியின்மேல் துப்பாக்கியைச் சார்த்தி, ஒரே குறியில் சில முறை சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளப்பர். ஒரு முறை நடுப்புள்ளியில் படுவது தற்செயல். ஐந்து முறையும் ஓரிடத்தில் படுவதே சோதனையில் தேறியது. 1860களில் குண்டு இரண்டு கம்பித்திரைகளை அறுக்கும் நேர இடைவெளியை அளக்கும் மின்கருவி ஐரோப்பாவில் வந்தபின், ராபின்ஸின் ஊஞ்சலுக்கு ஓய்வு கிடைத்தது. இறுதியாக, நனைத்த தாள்கட்டிலோ ஈரக் களிமண்ணிலோ சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் சென்றது, எவ்வாறு விரிந்தது என்று பிளந்து பார்ப்பர்.

நம் வெயிலும் ஒரு சோதனையாளரே. புகையில்லா மருந்து வெப்பத்தில் கூடுதல் அழுத்தம் தரும். குளிர்நாட்டில் ஒழுங்காயிருந்த தோட்டா, சித்திரை வெயிலில் கிடந்தபின் கூட்டைக் குழலில் இறுகச்செய்துவிடும். ஆகவே ஆங்கிலேய நிறுவனங்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்து குறைத்த வெப்பநாட்டுத் தோட்டாக்களைத் தனியே செய்தன.

தென்னிந்தியக் காடுகளில் நெம்புகோல் துப்பாக்கி என்றால் கென்னத் ஆண்டர்சன் பெயரே முதலில் நிற்கும். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த இவர் பெங்களூரில் வாழ்ந்தவர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஜவளகிரி முதலான பழைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்றவர். 1954இல் வெளிவந்த அவரது முதல் நூலிலிருந்தே தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் உலக வேட்டை இலக்கியத்தில் இடம்பெற்றன. அவர் கையிலிருந்தது 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர், தோட்டா.405. இம்மாதிரியில் குழலறைக்குப் பதிலாகப் பெட்டியறை உண்டு. 1904இல் வந்த .405 தோட்டா 300 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 2,200 அடி வேகத்தில் செலுத்தியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ரூஸ்வெல்ட் 1909இல் இதனை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்று, சிங்கத்துக்கேற்ற மருந்து என்னும் பொருள்படப் புகழ்ந்தார். அங்கும் மருந்து என்ற சொல்லே வந்து நிற்பதைக் காண்க.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தோட்டாவின் உற்பத்தி நின்றுபோயிற்று. உலகெங்கும் இத்துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் பழைய இருப்பையோ கைநிரப்பலையோ நம்ப வேண்டியதாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் அது மீண்டும் செய்யப்பட்டது.

காயம்பட்ட விலங்கு

இத்தனை சோதனையும் எதற்கு? குறிதவறாமை வேட்டைக்காரனின் பெருமைக்காக என்று எண்ணினால் அது பாதி உண்மையே. மறுபாதியை ஜிம் கார்பெட் 1944இல் வெளியிட்ட தம் குமாவுன் நூலில் கூறினார். புலி இயல்பில் மனிதனைத் தின்பதன்று. கவனமின்றிச் சுட்டுக் காயப்படுத்தி, பின்தொடர்ந்து முடிக்காமல் விடப்பட்ட புலியும், முள்ளம்பன்றி முள் தைத்த புலியுமே பெரும்பாலும் ஆட்கொல்லியாகின்றன என்பது அவர் கண்ட முடிவு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் சுட்டு வீழ்த்திப் பார்த்தபோது, அதன் வலப்பக்க மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பே உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். எவனோ ஒருவன் பெயரற்றுப் போனான். அவன் சுட்ட ஒரு பிழையான வெடிக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தனர்.

பாட்டாவின் கதையும் இதுவே; அளவில்தான் சிறிது. பத்துகாணிப் பக்கம் எங்களுக்குச் சிறிது மலைவிளை இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஓர் ஆடி மாதம், அடைமழை விட்ட இரவு, அயல் விளையில் பன்றி இறங்கிவிட்டதென்று ஆள் வந்து அழைத்தார்கள். நாள்தோறும் அந்தியில் ஒரு சிட்டிகை மருந்தைக் கொளுத்திப் பார்ப்பது பாட்டாவின் வழக்கம். அன்று பார்க்கவில்லை. அவசரம். மூங்கிற்குழாயில் அளவு சரியாகவே இருந்தது. மருந்துதான் ஈரம் ஏறியிருந்தது. வெடி வலுவின்றிச் சீறியது. குண்டு பன்றியின் பின்தொடையில் பட்டது. பன்றி வீழாமல் இருளில் ஓடி மறைந்தது. மழை மீண்டும் பிடித்ததால் தேடாமல் திரும்பினார்கள்.

மறுநாள் விடியலில் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போன தொழிலாளி ஒருவரை அப்பன்றி தொடையில் குத்திக் கிழித்தது. உயிர் பிழைத்தார். ஆயின் அதன்பின் மரத்துக்கு மரம் நடந்து பால்வெட்ட அவரால் இயலவில்லை. பாட்டா ஆண்டுதோறும் மரச்சீனி விளைவில் ஒரு பங்கை அவர் வீட்டுக்கு அனுப்பினார். துப்பாக்கியை அரசிடம் ஒப்படைத்து உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டார். அந்தக் குழாயை மட்டும் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டார். "ஒரு நுள்ளு மருந்து கத்திச்சுப் பாத்திருந்தா போதுமாயிருந்து" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததாகப் பாட்டி கூறுவார்.

இவ்விடத்தில் ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் முனை மென்மையாக விடப்பட்ட குண்டு ஒன்று செய்யப்பட்டது. உடலில் பட்டதும் அது விரிந்து பெருங்காயம் ஏற்படுத்தும். 1899இல் ஹேகில் கூடிய நாடுகள் போரில் இத்தகைய குண்டைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தன. வேட்டையிலோ விரியும் குண்டே விரும்பப்படுகிறது. விலங்கு விரைவில் இறக்கும், காயத்தோடு அலையாது என்பது காரணம். மனிதனுக்குக் கொடுமை எனத் தள்ளப்பட்டது விலங்குக்கு இரக்கம் எனக் கொள்ளப்பட்டது. ஈரக் களிமண்ணில் குண்டின் விரிவை அளப்பவர் தாம் எதனை அளக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பது நன்று.

சட்டமும் எல்லையும்

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தைத் தேசிய இயக்கத்தினர் அவமானமாகக் கருதினர். விடுதலைக்குப்பின் 1959இல் புதிய படைக்கலச் சட்டம் வந்தது. அதன் 5ஆம் பிரிவு துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றை உரிமமின்றிச் செய்வதையும் விற்பதையும் மட்டுமன்றி, அவற்றைத் தொழிலாகச் சோதிப்பதையும் தடுக்கிறது. கூட்டை மீண்டும் நிரப்புவதும் நம் நாட்டில் உரிமமின்றிச் செய்யத்தக்கதன்று. அமெரிக்க வேட்டைக்காரன் தன் வீட்டு மேசையில் செய்வதை இங்கு நினைக்க இயலாது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டையும் முடிவுக்கு வந்தது.

கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு நம் மண்ணே சான்று. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டு இறந்தார். 1954 ஆகஸ்டு 11 அன்று, தாய்த்தமிழகத்தோடு இணையக் குரல் கொடுத்தவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதன் பின்னரே 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நம் மாவட்டமாயின. 2020 சனவரி 8 இரவு, நம் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் காவற்பணியிலிருந்த அலுவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடத்தைக் கடந்தே நம்மில் பலர் வட்டக் கூட்டத்துக்கு வருகிறோம்.

ஆயினும் பன்றிகள் எல்லையை அறியா. 2022இல் கேரள அரசு, விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமத் துப்பாக்கி உடையவர்கள் அப்பணிக்கு அழைக்கப்பட்டனர். 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என முடிவு செய்தது. கல் ஒன்று பிரிக்கும் இரு மரச்சீனி விளைகளுக்கு இரு வேறு நெறிகள். எது சிறந்தது என்று தீர்ப்புக்கூற நான் முற்படவில்லை. யார் சுட்டாலும், அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் முன்பே சோதிக்கப்பட்டதா, காயம்பட்டு ஓடினால் பின்தொடர ஆள் உண்டா என்னும் இரு கேள்விகளை இருபுறத்தாரும் கேட்கவேண்டும். விடியலில் பால்வெட்டப் போகிறவர்கள் எல்லையின் இருபுறமும் இருக்கிறார்கள்.

முடிவுரை

ராபின்ஸின் மர ஊஞ்சல், தாளில் எரிந்த ஒரு சிட்டிகை மருந்து, மேசைமேல் நிறுத்த முப்பது கிரெயின், ஈரக் களிமண்ணில் பிளந்தெடுத்த குண்டு ஆகிய இவை யாவும் ஒரே அறத்தின் பல வடிவங்கள். கையைவிட்டுப் போனபின் திருப்பி அழைக்கவியலாத ஒன்றை, போகுமுன்பே அறிந்துகொள்வது அவ்வறம். அதனைச் செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இல்லை. செய்யாமல் விட்டவர்களின் பிழைதான் தழும்பாக நிற்கிறது.

நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் இருந்துவருகிறது. கவிதையை அச்சுக்கு அனுப்புமுன் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஒரு சொல் ஈரமாயிருந்தால் யாரேனும் எழுந்து சொல்வார்கள். வாசித்தவர் சிலவேளை முகம் சுளிப்பதுண்டு, நானும் சுளித்திருக்கிறேன். பாட்டா பின்னாளில் அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை எண்ணும்போது, அவ்வழக்கம் இன்னும் பல்லாண்டு நிலைக்க வேண்டும் என்றே விழைகிறேன்.